மூவாயிரம் ரூபாய் க்ரீமுக்குள்ள என்னதான் இருக்கு?

களியக்காவிளை பார்டர் பக்கம் மெடிக்கல் ஷாப் கவுண்டர்ல நிக்கிறவங்களுக்கு தெரியும், இப்பல்லாம் காய்ச்சல் மாத்திரை கேட்டு வர்றவங்களுக்கு ஈடா முகத்துக்கு க்ரீம் கேட்டு வர்றவங்களும் இருக்காங்க. போன்ல ஒரு ஸ்க்ரீன்ஷாட்ட நீட்டி "அக்கா, இது கொள்ளாமா?"ன்னு கேப்பாங்க, பாறசாலை பக்கம் இருந்து வர்ற பிள்ளைங்க சேச்சின்னு கூப்பிட்டு அதையே மலையாளத்துல கேக்கும். விலைய பாத்தா 2,000, 3,000, சிலது 8,000. கேக்குற பிள்ளை மார்த்தாண்டத்துல ஜவுளிக்கடையில நிக்கிறவளா இருப்பா, அவளுக்க மாச சம்பளத்துல ஒரு பெரிய பங்கு அந்த சின்ன குப்பிக்குள்ள போயிரும். கவுண்டர்ல நின்னுகிட்டு ரெண்டு நிமிஷத்துல இதுக்கு ஒழுங்கா பதில் சொல்ல முடியல, அதனாலதான் எழுதுறேன்.

எனக்க பதில முதல்லயே சொல்லிர்றேன். முகத்துல உண்மையிலேயே மாத்தம் கொண்டு வர்ற சரக்கு விலை கம்மியானது. நீங்க கூடுதலா குடுக்கிற காசு பெரும்பாலும் பூசும்போது கிடைக்கிற வழுவழுப்புக்கும் மணத்துக்கும் கண்ணாடி குப்பிக்கும் விளம்பரத்துக்கும்தான் போகுது. ஒண்ணு ரெண்டு இடத்துல மட்டும் விலைக்கு நியாயம் இருக்கு, அதையும் சொல்றேன். ஆனா எங்க ஏரியாவுல சக்கரம், அதான் காசு, வீணாப் போறத விட பெரிய ஆபத்து ஒண்ணு நடக்குது, இது எழுத உட்கார்ந்ததுக்கே பாதி காரணம் அதுதான்.

தோல்ல இருந்து ஆரம்பிக்கணும். நம்ம தோலோட ஆக மேல இருக்கிற அடுக்கு முகத்துல 10ல இருந்து 20 மைக்ரான் கனம்தான் வரும், ஒரு மில்லிமீட்டர நூறா வெட்டுனா அதுல ஒண்ணு ரெண்டு பங்கு. செத்த செல்லுங்க ஓட்டு வீட்டு கூரை மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கிடக்கும், நடுவுல செராமைடு, கொலஸ்ட்ரால்னு கொழுப்பு அடைச்சிருக்கும், வெளிய இருக்கிறது உள்ள வரக்கூடாது உள்ள இருக்கிற ஈரம் வெளிய போகக்கூடாது, அந்த அடுக்கோட வேலையே அதுதான். அப்ப மேல பூசுறது எல்லாம் உள்ள போயிருமா? போகாது. 2000ல போஸ், மெய்னார்டின்னு ரெண்டு நெதர்லாந்து ஆய்வாளர்கள் ஒரு கணக்கு எழுதுனாங்க, மூலக்கூறு எடை 500 டால்டனுக்கு மேல இருந்தா நல்லா இருக்கிற தோல தாண்டுறது ரொம்ப கஷ்டம்னு, இன்னைக்கும் மருந்து கம்பெனிக்காரங்க தோல்ல பூசுற மருந்து செய்யும்போது அந்த கணக்க மனசுல வெச்சுத்தான் செய்றாங்க.

இத வெச்சு இப்ப விளம்பரத்த பாருங்க. கொலாஜன் க்ரீம்னு பெரிய எழுத்துல போட்டு விக்கிறாங்க, கொலாஜனோட எடை 3 லட்சம் டால்டன். அது மேலதான் உக்காரும், கொஞ்சம் ஈரத்த பிடிச்சு வெச்சுக்கும், முகம் கழுவுனா போயிரும், தோலுக்குள்ள இருக்கிற கொலாஜனோட போய் சேராது. ஆனா நியாசினமைடு, அதாவது விட்டமின் பி3, வெறும் 122. விட்டமின் சி 176. பருவுக்கும் சுருக்கத்துக்கும் பூசுற ட்ரெடினாயின்ங்கிற மருந்து 300. இதெல்லாம் உள்ள போக முடிஞ்ச அளவு, இதுக்குத்தான் ஒழுங்கான ஆராய்ச்சியும் இருக்கு, இதெல்லாம் விலை கம்மியாவும் இருக்கு.

அடுத்தது அந்த க்ரீமோட அடிப்படை. எந்த விலை க்ரீமா இருந்தாலும் அதுல பெரும்பங்கு தண்ணி, ஏதாவது ஒரு எண்ணெய் இல்ல மெழுகு, கிளிசரின், ரெண்டையும் கலந்து நிக்க வைக்கிற ஒரு சாமான், கெட்டுப் போகாம இருக்க ஒண்ணு. இதுவே தோலுக்கு நல்லது செய்யும், அது பொய் இல்ல. லா மேர்னு ஒரு க்ரீம் கேள்விப்பட்டிருப்பீங்க, மேக்ஸ் ஹூபர்னு ஒரு இயற்பியல் ஆள் கடல்பாசிய புளிக்க வெச்சு உண்டாக்குனதா கதை, 1995ல எஸ்டே லாடர் கம்பெனி வாங்கிச்சு, அமெரிக்காவுலயே 30 மில்லி 200 டாலர் பக்கம். அதோட பொருள் பட்டியல வாசிச்சா பாசிச் சாறுக்கு அடுத்தாப்புல வர்றது மினரல் ஆயில், பெட்ரோலியம் ஜெல்லி, கிளிசரின். நிவியாவோட நீல டப்பா 1911ல இருந்து வருது, அதுலயும் தண்ணிக்கு அப்புறம் மினரல் ஆயில், மெழுகு, கிளிசரின். ரெண்டும் ஒண்ணுன்னு நான் சொல்லல, பாசி இருக்கு, பூசுற சுகம் வேற, மணம் வேற, ஆனா தோல ஈரமா வெக்கிற வேலைய செய்றது ரெண்டுலயும் ஒரே குடும்பத்து சாமான்தான். 1872ல அமெரிக்காவுல செஸ்ப்ரோ பேட்டன்ட் எடுத்த வாசலின் இருக்கே, தோல்ல இருந்து ஈரம் ஆவியாப் போறத தடுக்கிறதுல இன்னைக்கும் அத அடிச்சுக்க ஆளில்ல.

வெறும் அடிப்படை க்ரீமே எவ்வளவு வேலை செய்யும்னு காட்ட ஒரு ஆராய்ச்சி இருக்கு, இத எல்லாரும் தெரிஞ்சுக்கணும். இங்கிலாந்துல பூட்ஸ்ங்கிற மருந்துக் கடை கம்பெனி விக்கிற நம்பர் 7 சீரம், விலை ரொம்ப கம்மியான ரகம், 2007ல பிபிசி நிகழ்ச்சி ஒண்ணுல அத பத்தி நல்லா சொல்லப் போய் மறுநாளே கடைங்கள்ல வரிசை நின்னுச்சு. அப்புறம் மான்செஸ்டர்ல 60 பேர வெச்சு சோதிச்சு 2009ல வெளியிட்டாங்க. ஆறு மாசத்துல சீரம் பூசுனவங்கள்ல 43 சதவீதம் பேருக்கு முகச் சுருக்கம் குறைஞ்சிருந்துச்சு, சரக்கு எதுவும் இல்லாத வெறும் க்ரீம் பூசுனவங்கள்லயே 22 சதவீதம் பேருக்கு குறைஞ்சிருந்துச்சு. அந்த 22ல நிறைய விஷயம் இருக்கு. தோழி ஒருத்தி 5,000 ரூபாய் க்ரீம் பூசி முகம் மினுங்குதுன்னு சொன்னா அது பொய் இல்ல, ஆனா 150 ரூபாய் க்ரீம தினமும் விடாம பூசியிருந்தா அதுல எவ்வளவு வந்திருக்கும்னு அவளுக்கு தெரிய வழியே இல்ல, ஏன்னா 150 ரூபாய் க்ரீம யாரும் அவ்வளவு ஒழுங்கா பூசுறதில்ல.

கம்பெனி பேர பாத்து விலைக்கு தரம்னு நம்புறவங்களுக்கு இன்னொண்ணு. விலை கூடுன லாங்கோமும் விலை கம்மியான கார்னியரும் ஒரே லோரியல் குடும்பம். ரொம்ப விலை கூடுன லா ப்ரேரி, நிவியா செய்யற பையர்ஸ்டார்ஃப் கையில இருக்கு. நம்ம ஊர்ல பிள்ளைங்க எல்லாம் இப்ப வாங்குற மினிமலிஸ்ட்ட 2025ல ஹிந்துஸ்தான் யூனிலீவர் எடுத்துச்சு, பாண்ட்ஸ் விக்கிற அதே ஆளுங்க. மேல் மாடில ஒரு கடை, கீழ் மாடில ஒரு கடை, முதலாளி ஒருத்தர்.

சரி, கடையில நின்னுகிட்டு எப்படி கண்டுபிடிக்கிறது. ட்யூப்ப பின்னால திருப்புங்க. அந்த பொடி எழுத்துல இருக்கிற பட்டியல்ல, 1 சதவீதத்துக்கு மேல இருக்கிற பொருள் எல்லாம் அளவு கூடுனது முதல்லயும் குறைஞ்சது பின்னாலயும் வரணும், 1 சதவீதமோ அதுக்கு கீழயோ இருக்கிறத எந்த வரிசையில வேணா போட்டுக்கலாம். இப்ப அந்த பட்டியல்ல பீனாக்ஸிஎத்தனால்னு ஒண்ணு தேடுங்க, கெட்டுப் போகாம இருக்க போடுறது, நிறைய க்ரீம்கள்ல இருக்கும், அத 1 சதவீதத்துக்கு மேல போடக்கூடாதுன்னு கட்டுப்பாடு. அப்ப அதுக்கு பின்னால எழுதியிருக்கிற எதுவும் 1 சதவீதத்த தாண்டாது. அட்டைப்பெட்டி மேல தங்கம், குங்குமப்பூ, முத்து, மீன் முட்டைன்னு படம் போட்டிருப்பாங்க, பின்னால திருப்புனா எல்லாம் பீனாக்ஸிஎத்தனாலுக்கு அப்புறம் கடைசில வாசனைக்கு பக்கத்துல நிக்கும். நியாசினமைடு 5 சதவீதம்னு சொல்ற சீரம்ல அந்த பேரு தண்ணிக்கு அடுத்து ரெண்டாவது மூணாவது இடத்துலயே இருக்கும். இந்த ஒரு பழக்கம் வந்தாலே பாதி காசு மிச்சம். டெர்மடாலஜிகலி டெஸ்டட்ங்கிற வார்த்தைய பாத்து மயங்காதீங்க, எத்தனை பேருக்கு எப்படி டெஸ்ட் பண்ணாங்கன்னு அந்த வார்த்தை ஒண்ணும் சொல்லாது.

எதுக்கு காசு போடலாம்னு கேட்டா நான் முதல்ல சொல்றது சன்ஸ்க்ரீன்தான், ரெண்டாவது சொல்றதும் அதுதான். ஆஸ்திரேலியாவுல குயின்ஸ்லாந்து பக்கம் நம்பூர்னு ஒரு ஊரு, அங்க 1992ல இருந்து 1996 வரைக்கும் ஒரு பெரிய சோதனை நடந்துச்சு. பாதி பேர தினமும் சன்ஸ்க்ரீன் பூச சொன்னாங்க, மீதி பேர உங்க இஷ்டம்னு விட்டாங்க, ஆரம்பத்துலயும் நாலரை வருஷம் கழிச்சும் கையோட பின்பக்கத்துல சிலிக்கோன வெச்சு அச்சு எடுத்து தோலோட கோடுகள ஒப்பிட்டாங்க. 55 வயசுக்கு கீழ இருந்த 903 பேரோட முடிவு 2013ல வந்துச்சு, தினமும் பூசுனவங்களுக்கு தோல் மூப்பு 24 சதவீதம் கம்மி. அவங்க பூசுனது எஸ்பிஎஃப் 15 இருந்த சாதாரண சன்ஸ்க்ரீன். முகம் வயசாகாம இருக்கன்னு விக்கிற எந்த ஆயிரக்கணக்கு ரூபாய் க்ரீமுக்கும் இவ்வளவு பேர இவ்வளவு காலம் பாத்த ஆதாரம் எனக்கு தெரிஞ்சு கிடையாது.

சன்ஸ்க்ரீன்ல விலை கூடுனா பாதுகாப்பு குறையும்னு சொன்னா நம்ப மாட்டீங்க, ஆனா நடைமுறையில அப்படித்தான் நடக்குது. எஸ்பிஎஃப் 30 வெயில்ல இருக்கிற எரிக்கிற கதிர்ல 97 சதவீதத்த தடுக்கும், 50 போட்டா 98, வித்தியாசம் அவ்வளவுதான். ஆனா அந்த நம்பர் எல்லாம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசி அளந்தது. முகத்துக்கும் கழுத்துக்கும் அப்படி பூசணும்னா ரெண்டு விரல் நீளத்துக்கு பிதுக்கணும், 50 கிராம் ட்யூப் தினம் ஒரு நேரம் பூசுனாலே ஒரு மாசம், கூடிப் போனா ஒன்றரை மாசம்தான் வரும். 2,000 ரூபாய் ட்யூப்ப யாருக்கு அப்படி பிதுக்க மனசு வரும்? கடுகளவு எடுத்து கன்னத்துல ரெண்டு பொட்டு வெச்சு இழுத்து விட்டுருவோம், அப்ப 50 போட்டிருக்கிற ட்யூப்ல இருந்து 15 கூட கிடைக்காது. 400 ரூபாய்ல எஸ்பிஎஃப் 30ம், யுவிஏ கதிர தடுக்கிற அளவ காட்டுற பிஏ மூணு ப்ளஸும் (PA+++) இருக்கிறத வாங்கி தாராளமா பூசுங்க.

இதுல விலைக்கு நியாயம் இருக்கிற இடம் ஒண்ணு உண்டு. நம்ம மணவாளக்குறிச்சி, அந்தப்பக்கம் கொல்லம் சவறா, அந்த கடற்கரை கருமணல்ல இல்மனைட் எடுக்கிறாங்க இல்ல, அதுல இருந்துதான் டைட்டானியம் டை ஆக்சைடு செய்றது, பெயின்ட்டுக்கு வெள்ளை குடுக்கிற அதே பொடி. சன்ஸ்க்ரீனுக்கு அதையே ரொம்ப பொடிசா ஆக்கி மேல ஒரு பூச்சு குடுத்து போடுவாங்க. துகள் பெருசா இருந்தா வெளிச்சத்த சிதறடிச்சு நம்ம மாநிறத்து முகத்துல சாம்பல் பூசுன மாதிரி வெளுப்பு நிக்கும், அதனாலயே நிறைய பேர் நிறுத்திருவாங்க. வெளுப்பு தெரியாம செய்ய வேலை கூட, அதுக்கு நூறு இருநூறு கூட குடுக்கலாம். முகத்துல மங்கு இருக்கிறவங்க அயர்ன் ஆக்சைடு கலந்த, தோல் நிறத்துல வர்ற சன்ஸ்க்ரீன் வாங்குறது இன்னும் நல்லது, ஏன்னா மங்க கூட்டுறதுல கண்ணுக்கு தெரியுற வெளிச்சத்துக்கும் பங்கு இருக்கு, சாதாரண சன்ஸ்க்ரீன் அத தடுக்காது. வெள்ளைக்காரங்களுக்கு வெயில் முதல்ல சுருக்கமா வரும், நமக்கு முதல்ல மங்கும் கரும்புள்ளியுமா வரும், அவங்க சுருக்கத்துக்கு செஞ்ச க்ரீமுக்கு நாம காசு குடுத்துகிட்டு இருக்கோம்.

விட்டமின் சி சீரமும் அப்படி ஒரு இடம். காத்தும் வெளிச்சமும் பட்டா கெட்டு பழுப்பு நிறம் ஆயிரும், அத நிலையா நிக்க வைக்கிறது உண்மையிலேயே சிரமமான வேலை, காத்து புகாத இருட்டுக் குப்பிக்கு செலவு இருக்கு. அதுக்காக பத்தாயிரம் வேண்டாம், சின்ன குப்பியா வாங்கி, பழுப்பு ஆனதும் தூக்கிப் போடுங்க. நியாசினமைடுக்கு அந்த தொந்தரவே இல்ல, 600 ரூபாய்க்குள்ள நல்லது கிடைக்கும். எது பூசுனாலும் எட்டு பன்னிரண்டு வாரம் குடுக்கணும், தோல் செல் கீழ இருந்து மேல வரவே ஒரு மாசம் ஆகும், பத்து நாள்ல மாத்தம் தெரியலன்னு அடுத்தத வாங்குறதுதான் கம்பெனிக்காரனுக்கு கொண்டாட்டம்.

ட்ரெடினாயின் பத்தி தனியா சொல்லணும். பருவுக்குன்னு 1971ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்ச மருந்து, அப்புறம் வெயில்ல கெட்ட தோலுக்கும் 1995ல அனுமதி வந்துச்சு. சுருக்கத்துக்கு இருக்கிற பூச்சு மருந்துல இவ்வளவு ஆதாரம் உள்ளது வேற இல்ல, இங்க ட்யூப் 200, 300 ரூபாய்க்குள்ள வரும். ஆயிரக்கணக்குல விக்கிற ரெட்டினால் க்ரீம் எல்லாம் இதோட வலு குறைஞ்ச சொந்தக்காரங்க. ஆனா இது டாக்டர் சீட்டு இல்லாம வாங்கக் கூடாத மருந்து, முதல்ல தோல் உரியும், எரியும், ராத்திரி மட்டும் பூசணும், மாசமா இருக்கிறவங்களும் அதுக்கு முயற்சி பண்றவங்களும் தொடவே கூடாது. ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ்ல தோல் ஓபி இருக்கு, அங்க பாக்க காசில்ல. 3,000 ரூபாய் க்ரீம் வாங்குறதுக்கு முன்னாடி அங்க ஒரு காலைப் பொழுது காத்திருக்கிறது எவ்வளவோ மேல்.

தேங்காய் எண்ணெய் போதாதான்னு அம்மாமாருங்க கேப்பாங்க. கை கால் வறட்சிக்கு போதும், பிலிப்பைன்ஸ்ல 2004ல வர்ஜின் தேங்காய் எண்ணெயையும் மினரல் ஆயிலையும் ஒப்பிட்டு ரெண்டும் சமமா வேலை செஞ்சுதுன்னு எழுதியிருக்காங்க. பரு வர்ற முகத்துக்கு மட்டும் வேண்டாம், துவாரத்த அடைக்கும். குங்குமாதி தைலமும் அப்படித்தான், அடிப்படை நல்லெண்ணெய், வறண்ட முகத்துக்கு நல்லாயிருக்கும், வைத்தியசாலை கடையில சின்ன குப்பியில கிடைக்கிறத விட்டுட்டு அதையே அலங்காரக் குப்பியில நாலஞ்சு மடங்கு விலைக்கு வாங்க ஒரு காரணமும் இல்ல.

இப்ப அந்த ஆபத்து. "மக்களே, கல்யாணத்துக்கு ஒரு மாசம்தான் இருக்கு, முகம் வெளுக்க என்னமாச்சும் தா"ன்னு வர்றவங்க இருக்காங்க. நல்ல சரக்கு எதுவும் ஒரு மாசத்துல வெளுக்க வைக்காது. அப்படி சீக்கிரம் வெளுக்க வைக்கிறது பெரும்பாலும் ரெண்டுதான், ஸ்டீராய்டு, இல்லன்னா பாதரசம். ஸ்டீராய்டு கலந்த ட்யூப் முதல் ரெண்டு வாரம் முகத்த கண்ணாடி மாதிரி ஆக்கும், அப்புறம் தோல் மெலிஞ்சு, ரத்த நாளம் செவப்பா தெரிஞ்சு, பரு கிளம்பி, நிறுத்துனா எரியும், பூசாம இருக்க முடியாம ஆயிரும். 2018ல 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகள டாக்டர் சீட்டு இருந்தாத்தான் விக்கணும்னு அரசாங்கம் மாத்துனது இதனாலதான். பக்கத்து வீட்டுக்காரிக்கு எழுதுன பழைய சீட்ட கொண்டு வந்து குடுக்காதீங்க, தயவு செஞ்சு.

பாதரசம் இன்னும் மோசம். தோல் நிறத்த உண்டாக்குற நொதிய அது முடக்கிரும், அதனால சீக்கிரம் வெளுக்கும், ஆனா தோல் வழியா ரத்தத்துல கலந்து சிறுநீரகத்துக்கு போகும். நமக்கு வடக்க மலப்புறம் கோட்டக்கல்ல 2021ல இருந்து 2023க்குள்ள சிறுநீரக நோய் ஒண்ணோட வந்த 22 பேர டாக்டர்கள் பாத்திருக்காங்க, அதுல 15 பேருக்கு நெல்-1ங்கிற அரிதான வகை, அந்த 15ல 13 பேர் வெளுக்கிற க்ரீம் பூசுனவங்க. கிட்னி இன்டர்நேஷனல் பத்திரிகையில வெளியான விஷயம் இது. 2023ல கேரள மருந்து கட்டுப்பாட்டுத் துறை ஆபரேஷன் சௌந்தர்யான்னு கடை கடையா ஏறி சோதனை போட்டுச்சு. பார்டருக்கு இந்தப்பக்கம் அந்த டப்பா வராதுன்னு நினைக்க ஒரு காரணமும் இல்ல, வளைகுடாவுல இருந்து அண்ணன் மச்சான் கொண்டு வர்ற பெட்டியிலயும் அது இருக்கும், விலை கூடுன ஃபாரின் சாமான்னு நம்பி சந்தோஷமா பூசுவாங்க.

டப்பாவ திருப்பி பாருங்க. பொருள் பட்டியல் இருக்கா, இந்தியாவுல செஞ்சதுன்னா லைசென்ஸ் நம்பர் இருக்கா, வெளிநாட்டுதுன்னா இறக்குமதி செஞ்சவங்க பேரும் பதிவு நம்பரும் இருக்கா, பேட்ச் நம்பர், தேதி இருக்கா. இல்லன்னா வேண்டாம். கலோமெல், மெர்குரஸ் குளோரைடு, அம்மோனியேட்டட் மெர்குரின்னு எழுதியிருந்தா தொடாதீங்க. தங்க நகை, வெள்ளி, அலுமினியத்துல படாம பாத்துக்கோங்கன்னு டப்பாவுல எச்சரிக்கை இருந்தா அதுவும் பாதரசத்துக்கு அடையாளம், உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கு.

ஏற்கனவே மாசக்கணக்கா அப்படி ஏதாவது பூசிகிட்டு இருக்கிறவங்க முதல்ல நிறுத்துங்க, டப்பாவ தூக்கிப் போடாம பத்திரமா வெச்சு டாக்டர்கிட்ட காட்டுங்க. சிறுநீர்ல நுரை நிக்குதா, காலையில கண்ணும் சாயந்திரம் காலும் வீங்குதான்னு பாருங்க, எதுவும் இல்லன்னாலும் ஒரு தடவை யூரின்ல புரோட்டீன் டெஸ்ட் எடுத்துருங்க, லேப்ல 100 ரூபாய் சுத்திதான் ஆகும். கோட்டக்கல்ல பாத்தவங்கள்லயும் க்ரீம நிறுத்துனதுக்கு அப்புறம் பெரும்பாலானவங்களுக்கு புரோட்டீன் ஒழுகுறது குறைஞ்சிருக்கு, அதனால சீக்கிரம் போனா சரியாக வாய்ப்பு இருக்கு. டாக்டர் கேக்கும்போது க்ரீம் பூசுனத மறைக்காம சொல்லணும், வெக்கப்பட்டு மறைச்சா நோய்க்கு காரணம் கண்டுபிடிக்கவே அவங்களுக்கு மாசக்கணக்கு ஆயிரும்.